எழுபது லட்சம் ஏன்



நவம்பர் இதழுக்கென்று குழந்தைப் பாடல்கள் கேட்டிருந்தோம். குவிந்துவிட்டன. நவம்பர் 7 குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் பிறந்தநாள். ஒரு வாரம் கழித்து, 14-ஆம் தேதி, குழந்தைகள் தினம். இரண்டுக்குமாகச் சேர்த்து ஒரு சிறப்புப் பகுதி போடலாம் என்பது திட்டம். மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டி இருக்கிற எங்கள் அலுவலகத்தில் மேஜை நிறைய உறைகள், கணினி நிறைய மின்னஞ்சல்கள், போதாததற்கு வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பிய நோட்டுப் பக்கங்கள். எல்லாவற்றையும் படித்தேன். பலவற்றில் சந்தம் நன்றாக விழுந்திருக்கிறது, எதுகை எங்கும் இடறவில்லை. ஆனால் படிக்கப் படிக்க ஒரு சந்தேகம் வளர்ந்துகொண்டே வந்தது. இந்தப் பாடல்களில் குழந்தை எங்கே?

குழந்தையைப் பல் தேய்க்கச் சொல்லியிருந்தார்கள். மரம் நடச் சொல்லியிருந்தார்கள். பிளாஸ்டிக் பையைத் தொடாதே என்றார்கள், கைபேசியைக் கீழே வை என்றார்கள், தாத்தா பாட்டி பேச்சைக் கேள் என்றார்கள் (இதை எழுதியவர்கள் அநேகமாகத் தாத்தா பாட்டிகள்). இன்னும் சில பாடல்களில் குழந்தை நிலாவாகவும் பூவாகவும் தெய்வமாகவும் இருந்தது. அங்கேயும் அது வாயைத் திறக்கவில்லை. நம் வீட்டுக் குழந்தைகளோ காலையில் கண் விழித்ததிலிருந்து ராத்திரி தூங்கும்வரை ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. ஏன், எதுக்கு, எப்படி, யாரு, அப்புறம்? ரங்கநாதன் தெருவின் நெரிசலில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நசுங்கி நடக்கும்போதும் கேள்வி நிற்பதில்லை. பாட்டுக்குள் நுழைந்ததும் மட்டும் அதுகளுக்கு எப்படி வாயடைத்துப்போகிறது?

இதை அனுப்பியவர்களின் குறையாகச் சொல்லவில்லை. பரம்பரை அப்படி. தமிழ்க் குழந்தை முதலில் படிக்கிற ஆத்திசூடியே அகரவரிசையில் அடுக்கிய கட்டளைகள்தான். பாரதி புதிய ஆத்திசூடி எழுதியபோது சரக்கை அடியோடு மாற்றினார், குரலை மாற்றவில்லை. அதே ஏவல் குரல். 1915-இல் 'ஞானபாநு'வில் வந்த பாப்பா பாட்டில் எவ்வளவோ கொஞ்சல் இருக்கிறது, ஆனாலும் பாப்பாவுக்கு வேலை வைத்துக்கொண்டே போகிறது பாட்டு. சொன்ன விஷயத்தில் பாரதி புரட்சிக்காரர், சொன்ன தோரணையில் ஔவையின் பேரன். சினிமாவுக்கு வந்தால், பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதி, அவர் மறைந்த பிறகு 1961-இல் 'அரசிளங்குமரி'யில் வெளிவந்த சின்னப்பயல் பாட்டு இருக்கிறது. எவ்வளவு அருமையான பாட்டு! அதிலும் பயலின் பங்கு காதுகொடுப்பதோடு சரி.

வேடிக்கை என்னவென்றால், கட்டளைகளின் பாட்டியான அந்த ஔவையையே ஒரு சிறுவனின் கேள்வி மடக்கியதாகத்தான் ஊரெல்லாம் கதை. நாவல் மரத்தின் மேலே மாடு மேய்க்கிற பையன், கீழே நடந்து களைத்த கிழவி. பழம் சுட்டதாக வேண்டுமா, சுடாததாக வேண்டுமா என்று பையன் கேட்கிறான். தமிழைக் கரைத்துக் குடித்தவளுக்கு விளங்கவில்லை. விழுந்த பழத்தில் ஒட்டிய மண்ணை ஊதும்போதுதான் விளங்குகிறது. ஆனால் இந்தக் கதையை நாம் சொல்வது முருகன் பெருமைக்காக. பிரமனைப் பிரணவத்துக்குப் பொருள் கேட்டுச் சிறையில் அடைத்ததையும், அப்பனுக்கே பாடம் சொல்லித் தகப்பன்சாமி ஆனதையும் அப்படித்தான் சொல்கிறோம். கேட்ட பிள்ளை கடவுளாக இருந்தால் திருவிளையாடல், நம் வீட்டுப் பிள்ளையாக இருந்தால் அதிகப்பிரசங்கி!

சங்கப் பாட்டுக்குப் போனால் வேறு மாதிரி ஒரு குழந்தை கிடைக்கிறது. புறநானூற்றின் 188-ஆம் பாட்டு, பாடியவன் பாண்டியன் அறிவுடை நம்பி. பலரோடு உட்கார்ந்து உண்ணுகிற பெருஞ்செல்வம் இருந்தும், வீட்டில் குழந்தை இல்லாவிட்டால் வாழ்நாளுக்குப் பயனில்லை என்பது பாட்டின் கருத்து. இன்றைக்கு அந்தக் கருத்தை அப்படியே ஒப்புக்கொள்ள முடியாது. குழந்தை இல்லாதவர் மனத்தை அது குத்தும். ஆனால் நடுவில் அவன் தீட்டியிருக்கிற குழந்தையைப் பாருங்கள். தத்தித் தத்தி வருகிறது. சின்னக் கையை நீட்டுகிறது. நெய்ச்சோற்றை எடுத்துக் கீழே போடுகிறது, தொடுகிறது, வாயால் கவ்வுகிறது, கையை விட்டுத் துழாவுகிறது, கடைசியில் உடம்பெல்லாம் அப்பிக்கொள்கிறது. வாய்ப் பேச்சு வராத வயது. ஆனால் அந்த ஒவ்வொரு செய்கையும் ஒரு கேள்விதான். இது என்ன? விழுந்தால் என்ன ஆகும்? கடித்தால்? பிசைந்தால்? மேலே பூசிக்கொண்டால்? ஒரு பதில் கிடைத்ததும் நிற்காமல் அடுத்ததற்குப் போகிறது. இவ்வளவையும் ஒரு ராஜா உட்கார்ந்து வேடிக்கை பார்த்திருக்கிறான். யாரும் தட்டை நகர்த்தவில்லை.

இந்த இடத்தில் எனக்கு அடையாறு ஞாபகம் வருகிறது. 1939-இல் மரியா மாண்டிசோரி அங்கே வந்தார். தியசாபிகல் சொசைட்டியின் தலைவராக இருந்த ஜார்ஜ் அருண்டேல் அழைத்திருந்தார். பயிற்சி வகுப்பு நடத்திவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர் பகைநாட்டவர் ஆகிவிட்டார். ஊர் திரும்ப வழியில்லாமல் இந்தியாவிலேயே ஆண்டுக்கணக்கில் தங்க நேர்ந்தது. நம்மூர் ஆசிரியைகளுக்கு அது அதிர்ஷ்டம். குழந்தையின் கைதான் அதன் அறிவுக்குக் கருவி, தொட்டும் எடுத்தும் மாற்றி வைத்தும்தான் அது உலகத்தைப் படிக்கிறது என்பது அவர் போதனையின் அடித்தளம். அவருடைய பெயர்பெற்ற 'தி அப்சார்பண்ட் மைண்ட்' நூல் முதன்முதலில் அச்சானதும் அடையாற்றில்தான், 1949-இல். உடனே 'அன்றே சொன்னான் தமிழன்' என்று மார்தட்டக் கிளம்ப வேண்டாம். நம்பி கல்விக் கொள்கை பேசவில்லை, பந்தியைப் பற்றித்தான் பேசினான். ஆனால் கவிஞன் கண் சரியான இடத்தில் நின்றிருக்கிறது, அதைச் சொல்லலாம்.

வள்ளுவரும் குழந்தையின் கை அளைந்த கூழைச் சுவைத்திருக்கிறார், மழலையைக் குழலோடும் யாழோடும் ஒப்பிட்டுக் கேட்டிருக்கிறார். மழலையின் இனிமைதான் குறளில் இருக்கிறது. மழலை என்ன கேட்டது என்று அவரும் குறித்து வைக்கவில்லை.

அப்புறம் பிள்ளைத்தமிழ். ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனைப் பாடியதிலிருந்து நூற்றுக்கணக்கில் எழுதிக் குவித்திருக்கிறோம். பத்துப் பருவங்களில் புலவர்களின் திறமைக்கு உரைகல் என்று அம்புலிப் பருவத்தைச் சொல்வார்கள். குழந்தையோடு விளையாட நிலாவைக் கூப்பிட வேண்டும். சாம, பேத, தான, தண்டம் என்று நான்கு உபாயத்தையும் நிலாவின் மேல் பிரயோகிப்பார்கள். நீயும் என் பிள்ளையும் ஒன்று என்று கொஞ்சுவார்கள், நீ அவனுக்கு ஈடாவாயா என்று இடிப்பார்கள், வந்தால் இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டுவார்கள், வராவிட்டால் தெரியும் சேதி என்று மிரட்டுவார்கள். அற்புதமான கற்பனை. ஆனால் பேசுவதெல்லாம் தாயும் செவிலியும், அவர்கள் வாயில் புலவரும். நிலாவைப் பற்றிக் குழந்தைக்கு என்ன தோன்றியது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டவர் ஒருவர் வங்காளத்தில் இருந்தார். 1902-இல் தாகூரின் மனைவி மிருணாளினி இறந்தார். அடுத்த ஆண்டு, நோயில் கிடந்த மகள் ரேணுகாவை மலைக்காற்றுக்காக அல்மோராவுக்கு அழைத்துப் போயிருந்தபோது தாகூர் குழந்தைக் கவிதைகளாக எழுதித் தள்ளினார். 'சிசு' என்ற அந்தத் தொகுப்பில் பல 1913-இல் 'தி கிரசென்ட் மூன்' என்று ஆங்கிலத்தில் வந்தன. அதில் ஒரு கவிதையில் ஒரு பொடியன் தன் அண்ணனிடம் பேசுகிறான். சாயங்காலம் கடம்ப மரக் கிளையில் நிலா சிக்கிக்கொள்கிறதே, யாராவது பிடிக்கக் கூடாதா என்று கேட்கிறான். அண்ணன் சிரிக்கிறான்: உன்னைப்போல முட்டாள் உண்டா, நிலா எவ்வளவோ தூரத்தில் அல்லவா இருக்கிறது? பொடியன் விடவில்லை. அம்மா ஜன்னலில் நின்று நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாளே, அவள் தூரமா? சரி, அவ்வளவு பெரிய வலைக்கு எங்கே போவாய் என்கிறான் அண்ணன். கையாலேயே பிடிக்கலாமே என்கிறான் தம்பி. கிட்டே வந்தால் நிலா எவ்வளவு பெரிதாகும் தெரியுமா என்று அண்ணன் கடைசி அஸ்திரத்தை விடுகிறான். அம்மா முத்தம் கொடுக்கக் குனியும்போது அவள் முகம் ரொம்பப் பெரிதாகவா தெரிகிறது என்று கேட்டுவிட்டு நிற்கிறான் தம்பி.

தமிழில் தாயே போய் நிலாவைக் கூப்பிடுகிறாள், இங்கே தாயை அளவுகோலாக வைத்துப் பிள்ளை நிலாவை அளக்கிறது. அண்ணன் சொன்னதெல்லாம் சரி, பள்ளிக்கூடத்துச் சரி. தம்பி அதை அப்படியே ஒப்புக்கொள்ளவில்லை. தூரம், அளவு என்று அண்ணன் சொல்கிற புதுச் சொற்களைத் தனக்குத் தெரிந்த ஒரே பெரிய விஷயத்தோடு ஒட்டிப் பார்க்கிறான், அவ்வளவுதான். விடாமல் கேட்கிற குழந்தையை நாம் பிடிவாதம் என்கிறோம். தாகூர் அதைப் பிடிவாதமாக எழுதவில்லை. ஒவ்வொரு பதிலையும் வாங்கி, சோதித்து, அடுத்த கேள்வியாகத் திருப்பித் தருகிற காரியமாக எழுதியிருக்கிறார். இந்தக் கவிதைகளை எழுதிய ஆண்டே ரேணுகாவும் இறந்துபோனாள் என்பதையும், கவிதையில் வருகிற அம்மா ஏற்கெனவே இல்லாதவள் என்பதையும் தெரிந்துகொண்டு படித்தால் கொஞ்ச நேரம் வேறு எதுவும் ஓடாது. தெரியாமல் படித்தாலும் கவிதைக்குக் குறைவில்லை.

தமிழில் இப்படி இல்லவே இல்லையா? இருக்கிறது. ஆனால் ஏட்டில் தேடினால் கிடைக்காது, பாட்டிகளிடம் இருக்கிறது. தன் பெயரை மறந்துபோன ஈயின் பாட்டு. கேட்காதவர்கள் குறைவு. ஈக்குப் பெயர் மறந்துவிட்டது. கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்கிறது. கன்றுக்குத் தெரியவில்லை, தாய்ப்பசுவைக் கைகாட்டுகிறது. பசுவிடமிருந்து மேய்க்கிறவன், அவன் கையிலிருக்கிற கோல், கோலைத் தந்த மரம், மரத்தில் இருக்கும் கொக்கு, கொக்கு குளிக்கும் குளம், குளத்து மீன், மீனவன், சட்டி, குயவன், மண், மண்ணில் முளைத்த புல், புல்லைத் தின்கிற குதிரை என்று ஈ பறந்துகொண்டே இருக்கிறது. ஊருக்கு ஊர் பட்டியலில் இரண்டு கூடும், இரண்டு குறையும். குதிரைக்குக் கேள்வியைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிடுகிறது. அது 'ஈஈ' என்று கனைத்ததும் ஈக்குத் தன் பெயர் கிடைத்துவிடுகிறது. யார் கட்டிய பாட்டு என்று தெரியாது. பெயர் மறந்த ஈயின் பாட்டுக்கு ஆசிரியர் பெயரும் இல்லாதது பொருத்தம்தான்.

இந்தப் பாட்டின் சூட்சுமம் அதன் கட்டுமானத்தில் இருக்கிறது. ஈ புதிய ஆளிடம் போகும்போதெல்லாம் முதலிலிருந்து எல்லாரையும் வரிசையாகச் சொல்லிக்கொண்டுதான் கேட்கும். கன்றிடம் கேட்கும்போது கேள்வி ஒரு மூச்சு. குதிரையிடம் வரும்போது மூச்சு முட்டுகிற நீளம். கேள்வி அதேதான், 'என் பேர் என்ன?' ஆனால் அதற்குள் ஒரு மாட்டுத் தொழுவமும் காடும் குளமும் குயவர் தெருவும் ஏறிவிட்டன. பெயரைத் தேடப்போன ஈ ஊரைத் தெரிந்துகொண்டு வருகிறது. அதோடு, அந்தப் பட்டியலில் இருக்கிற யாரும் ஈயை விரட்டுவதில்லை. 'எனக்குத் தெரியாது, அவரைக் கேள்' என்கிறார்கள். பெரியவர்கள் வாயில் எனக்குப் பிடித்த வாக்கியங்களில் ஒன்று அது. நம் வீடுகளில் அதைவிட அதிகம் புழங்குவது 'தொணதொணன்னு கேக்காதே'.

மயிலாப்பூரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வீடியோ அழைப்பில் இந்தப் பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்கிற பாட்டிகள் உண்டு. பேத்தி அங்கே பாதித் தூக்கத்தில் கொக்கை விட்டுவிட்டுக் குளத்துக்குத் தாவினால், பாட்டி இங்கிருந்து பிடித்துத் திருத்துகிறாள். ஈயின் கையில் ஒரு கைபேசி இருந்திருந்தால் முதல் தட்டிலேயே பெயர் வந்திருக்கும். அதோடு பாட்டும் முடிந்திருக்கும். கைபேசியைக் குறை சொல்ல வரவில்லை. சந்தேகம் வந்தால் நானும் அதைத்தான் எடுக்கிறேன். ஒரு கேள்வி எவ்வளவு தூரம் நடந்து வந்தது என்பது மட்டும் அதில் பதிவாவதில்லை.

எங்கள் தெருக்கோடியிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. கபாலீசுவரர் கோயிலில் பூம்பாவைக்குத் தனிச் சந்நிதி உண்டு. பாம்பு தீண்டி இறந்துபோன சிவநேசர் மகளின் எலும்பு இருந்த குடத்தின் முன்னால் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம், இரண்டாம் திருமுறையில் 47-ஆவது. பாடியவர் சிறுபிள்ளை, ஏழாம் நூற்றாண்டு. பதிகத்தின் பத்துப் பாட்டும் ஒரே கேள்வியில் முடிகின்றன. இந்த விழாவைப் பார்க்காமலே போகிறாயா, பெண்ணே? ஐப்பசி ஓணத்தைச் சொல்லிக் கேட்கிறார். கார்த்திகை விளக்கீட்டைச் சொல்லிக் கேட்கிறார். மார்கழித் திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று மாதம் மாதமாக, விழா விழாவாக, அதே கேள்வி. அந்தக் கால மயிலாப்பூரின் திருவிழாப் பட்டியலே இதிலிருந்துதான் நமக்குக் கிடைக்கிறது. அறியாததை அறிந்துகொள்ளக் கேட்ட கேள்வி இல்லை இது, வரச்சொல்லிக் கூப்பிடுகிற கேள்வி. ஆனால் ஒரு முறை கேட்டுவிட்டுப் போகாமல், பதில் வரும்வரை ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிக் கேட்பது இருக்கிறதே, அது அசல் குழந்தை வேலை. பெரிய புலவராக இருந்தால் மூன்றாவது பாட்டில் வேறு முடிவுக்குப் போயிருப்பார்.

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்த்த நிகழ்ச்சியை நடத்திக் காட்டிவிட்டு, பிற்பகலில் அறுபத்துமூவரை வீதிக்கு எடுப்பார்கள். மாட வீதியில் கால் வைக்க இடம் இருக்காது. அப்பாக்களின் தோளில் உட்கார்ந்திருக்கிற பொடிசுகளுக்குத்தான் அன்றைக்கு நல்ல காட்சி. 'இது யாருப்பா?' என்று ஒவ்வொரு பல்லக்குக்கும் கேட்கும். அப்பர், சுந்தரர், கண்ணப்பர் வரைக்கும் அப்பா சமாளிப்பார். அப்புறம் 'அவரும் ஒரு நாயனார்'. கேள்வி நிற்குமா? அறுபத்து மூன்று பேரும் போய் முடிகிறவரை நிற்காது.

கச்சேரிக்குப் போகிறவர்களுக்கு இது எளிதில் புரியும். பல்லவி வரி ஒன்றுதான். முதல் தடவை நேராக, அடுத்த தடவை ஒரு சுழிப்போடு, அதற்கடுத்து மேலே தொட்டு இறங்கி என்று சங்கதி சங்கதியாக அதையே பாடுகிறார்கள். 'அதான் பாடியாச்சே' என்று யாரும் எழுந்து போவதில்லை. நாலாவது சங்கதியில் வரியின் அர்த்தமே கொஞ்சம் நகர்ந்துவிடுகிறது, தலை தானாக ஆடுகிறது. எலியட்ஸ் கடற்கரையில் 'அலை ஏன் திரும்பிப் போகுது?' என்று குழந்தை ஐந்தாம் தடவை கேட்கும்போது மட்டும் நமக்கு அது சங்கதியாகக் கேட்பதில்லை. முதல் தடவை அது கேட்டது தண்ணீரைப் பற்றி. ஐந்தாம் தடவை கேட்பது போவதைப் பற்றியாக இருக்கலாம். திரும்பத் திரும்ப வருகிற வரியைத் தாங்குவதற்குக் கவிதைக்குத்தான் பொறுமை உண்டு. உரைநடை முதல் பதிலிலேயே முற்றுப்புள்ளி தேடும். குழந்தையின் விடாத கேள்வியைச் சொல்லப் பாட்டைவிடப் பொருத்தமான வடிவம் எனக்குத் தெரியவில்லை. வரக்கூடிய இடத்தில் அது இவ்வளவு குறைவாக வருவதுதான் ஆச்சரியம்.

ஆங்கிலத்தில் இதற்குப் பெயர்போனது கிப்ளிங்கின் ஒரு குட்டிக் கவிதை. 1902-இல் வந்த 'ஜஸ்ட் ஸோ ஸ்டோரீஸ்' நூலில் யானைக்குட்டிக் கதையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதை தெரிந்ததுதான். ஓயாமல் கேள்வி கேட்கிற யானைக்குட்டியை நெருப்புக்கோழி அத்தை அடிக்கிறாள், ஒட்டகச்சிவிங்கி மாமா உதைக்கிறார், நீர்யானையும் பபூன் குரங்கும் தங்கள் பங்குக்கு வெளுக்கிறார்கள். முதலை சாப்பாட்டுக்கு என்ன தின்னும் என்று கேட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போன குட்டியின் மூக்கை முதலை பிடித்து இழுக்க, மூக்கு நீண்டு தும்பிக்கை ஆகிறது. வீடு திரும்பிய குட்டி அதே தும்பிக்கையால் அத்தை மாமாக்களைச் சாத்துகிறது. எந்தக் குழந்தையும் கைதட்டும் இடம் அது.

கவிதையில் கிப்ளிங் தன் வேலைக்காரர்கள் ஆறு பேரை அறிமுகப்படுத்துகிறார்: என்ன, ஏன், எப்போது, எப்படி, எங்கே, யார். அலுவல் நேரம் ஒன்பது முதல் ஐந்து வரை அவர்களுக்கு ஓய்வு கொடுத்துவிடுகிறாராம். ஆனால் தனக்குத் தெரிந்த ஒரு சின்ன ஆளிடம் ஒரு கோடி வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஓய்வே கிடையாது என்கிறார். கணக்கும் கொடுக்கிறார். பத்து லட்சம் 'எப்படி', இருபது லட்சம் 'எங்கே', எழுபது லட்சம் 'ஏன்'. இந்த விகிதத்தைத்தான் நான் ரசிக்கிறேன். வீட்டில் குழந்தை இருக்கிறவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தக் கதைகளை முதலில் கேட்டவள் கிப்ளிங்கின் மூத்த மகள் ஜோசஃபின். 1899-இல் ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள், புத்தகத்தைப் பார்க்கவில்லை. வெள்ளையரின் சுமையைப் பற்றி இறுமாப்போடு அவர் எழுதிய கவிதை வெளிவந்ததும் அதே 1899-இல்தான். அந்த ஆளை எனக்குப் பிடிக்காது. ஆறு வேலைக்காரர்களுக்காக மன்னித்து வைத்திருக்கிறேன்.

இத்தனை 'ஏன்'களுக்கும் உட்கார்ந்து பதில் எழுதிய ஒரு கவிஞர் நம்மிடம் இருந்தார். பெரியசாமித் தூரன். மியூசிக் அகாடமியிலிருந்து தியாகராய நகர் வாணி மகால் வரை அவருடைய கீர்த்தனைகள் பாடப்படாத மார்கழி இல்லை. அதே ஆள்தான் தமிழ் வளர்ச்சிக் கழகத்துக்காகக் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகள் கொண்டுவந்தார். இவ்வளவு செய்தவர் ஓய்வெடுத்திருக்கலாம். 1968 முதல் 1976 வரை குழந்தைகளுக்கென்றே இன்னொரு பத்துத் தொகுதி! கோட்டூர்புரத்தில் இருக்கிற தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் புண்ணியத்தில் இன்று அவற்றை இணையத்திலேயே புரட்டலாம். செய்திகள் பழசாகியிருக்கும், சொல்லியிருக்கிற விதம் பழசாகவில்லை. அகரவரிசை நூலில் யானையைத் தேடி எடுக்கலாம், 'ஏன்' என்பதைத் தேடி எடுக்க முடியாது. அது தூரனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. குழந்தைக் கதைகளும் பாடல்களும் தனியாக எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

வள்ளியப்பாவுக்கு வருகிறேன், அவரை வைத்துத்தானே ஆரம்பித்தோம். வை. கோவிந்தனின் 'சக்தி' பத்திரிகையில் சேர்ந்து, அங்கே தி. ஜ. ரங்கநாதனின் தூண்டுதலில் எழுதத் தொடங்கி, பிறகு இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கில் பாட்டு எழுதியவர். முதல் தொகுப்பு 'மலரும் உள்ளம்' 1944-இல் வந்தது. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் கண்டார். அவரும் புத்திமதி சொல்லியிருக்கிறார், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் தமிழ்நாடு முழுக்க மனப்பாடமாக இருக்கிற அந்த மல்கோவாப் பாட்டை ஒரு முறை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள். மாம்பழத்தின் சாதியைச் சொல்கிறார், ஊரைச் சொல்கிறார். கழுவிவிட்டுத் தின் என்று சொல்லவில்லை, தினம் ஒரு பழம் தின்றால் பலம் என்று சொல்லவில்லை. வேண்டுமா என்று கேட்கிறார், ஓடி வா, பங்கு போட்டுக்கொள்ளலாம் என்கிறார். குழந்தையைக் கேள்விக்கு ஆளாக மதித்த பாட்டு அது. எண்பது வருஷமாக அழுகாமல் இருப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நம் காலத்தில் முகுந்த் நாகராஜன் இருக்கிறார். 'அகி', 'ஒரு இரவில் 21 சென்டிமீட்டர் மழை பெய்தது' தொகுப்புகளைப் படித்தவர்களுக்குத் தெரியும். அவருடைய கவிதைகளில் குழந்தைகள் பாட்டுக்கு வந்து போகின்றன, எதையாவது கேட்டுவிட்டுப் போகின்றன, பெரியவர்கள்தான் திகைத்து நிற்கிறார்கள். அவை குழந்தைகளுக்கான கவிதைகள் இல்லை. குழந்தைப் பாடல் எழுதுகிறவர்கள் அவசியம் படிக்க வேண்டியவை.

பாரதியை மேலே கொஞ்சம் சீண்டிவிட்டேன், கணக்கை நேர் செய்கிறேன். 'உலகத்தை நோக்கி வினவுதல்' என்று ஒரு பாட்டு எழுதியிருக்கிறார். 2000-இல் வந்த 'பாரதி' படத்தில் இளையராஜா இசையில் ஹரிஷ் ராகவேந்திரா பாடிப் பலருக்கும் பழக்கமானது. கண்ணில் பட்டதையெல்லாம் நிறுத்தி நிறுத்தி, நீ நிஜமா, இல்லை கனவா என்று கேட்டுக்கொண்டே போகிறார். மாயாவாதம், வேதாந்தம் என்று உரை எழுதுகிறார்கள். இருக்கட்டும். ஐந்து வயதுப் பிள்ளையை ஒரு சாயங்காலம் அடையாறு முகத்துவாரத்துப் பக்கம் அழைத்துப் போய், பறவைகளையும் மேகத்தையும் தண்ணீரில் விழுகிற நிழலையும் காட்டிவிட்டுச் சும்மா இருந்து பாருங்கள். அதே வரிசையில்தான் கேட்கும். பாப்பாவுக்குப் பாடியபோது பெரியவராகவே நின்ற பாரதி, தனக்காகப் பாடியபோது பாப்பாவாகியிருக்கிறார். இரண்டையும் இடம் மாற்றி எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

சரி, இதழ் விஷயத்துக்கு வருகிறேன். வந்த பாடல்களில் ஒன்பதைத் தேர்ந்து இந்த இதழில் போட்டிருக்கிறோம். மரம் நடுகிற பாட்டும் அதில் ஒன்று உண்டு, நன்றாகவே இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரசுரமாகாதவர்கள் வருந்த வேண்டாம். அடுத்த இதழுக்கு வேறு ஒன்று கேட்கிறேன். பாட்டு வேண்டாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பேருந்திலோ பூங்காவிலோ ஒரு குழந்தை கேட்ட கேள்வி, அது கேட்டது கேட்டபடி, ஒரு வரி. இலக்கணம் திருத்தாதீர்கள். 'ஏம்ப்பா' என்று கேட்டிருந்தால் 'ஏன் அப்பா' ஆக்க வேண்டாம். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்பதும் தேவையில்லை, சமாளித்திருப்பீர்கள் என்று தெரியும். குழந்தை அதே கேள்வியைத் திரும்பக் கேட்டிருந்தால், இரண்டாம் தடவை எப்படிக் கேட்டது என்பதை மட்டும் மறக்காமல் எழுதுங்கள். குழந்தையின் வயது போதும், பெயர், பள்ளி, புகைப்படம் எதுவும் வேண்டாம். கவிதை எழுதுகிற நண்பர்கள் சிலரிடம், வருகிற கேள்விகளில் ஆளுக்கொன்றை எடுத்துப் பாட்டாக்கித் தரச் சொல்லியிருக்கிறேன். பதில் சொல்லும் பாட்டாக இருக்கக் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. ஒருவர் இப்போதே 'அப்படியானால் அந்தப் பாட்டை எப்படி முடிப்பது?' என்று தொலைபேசியில் கேட்டுவிட்டார். எனக்குத் தெரியாது, வள்ளியப்பாவைப் படியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் சீசன் தொடங்குவதற்குள் அனுப்பிவிடுங்கள். அதற்குப் பிறகு எங்கள் உதவி ஆசிரியர்கள் கேண்டீன் வரிசையில்தான் கிடைப்பார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்